எந்த வாசலைத் தட்டுவது?

(சிவில் நீதிமன்றங்களும் சமய நீதிமன்றங்களும் என்ற தலைப்பில் ஈப்போவில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு கொஞ்சம் கனமானது. நான் வழக்கறிஞர் அல்ல. கேள்வி கேட்பதுதான் என் தொழில். எனவே சட்ட நுணுக்கங்களை ஆராயாமல், சாதாரணக் குடும்பத்துக்கு எழக்கூடிய சில கேள்விகளை மட்டும் இங்கே வைக்கிறேன். நம் வீட்டில் ஒரு பிரச்சினை வெடித்தால் எந்த வாசலைத் தட்டுவது? தட்டினால் நம்மை உள்ளே விடுவார்களா? உள்ளே விட்டு, விசாரித்து, தீர்ப்பும் சொல்லிவிட்டால், அந்தத் தீர்ப்பை நிறைவேற்றிக் கொடுப்பது யார்?

இதெல்லாம் கோலாலம்பூரில் கோட்டு போட்டவர்கள் பேசும் விஷயம், நமக்கு எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த நாட்டில் இந்தக் கேள்விகளை மிகக் கூர்மையாக எழுப்பிய வழக்கு நம் ஈப்போவில்தான் பிறந்தது. வழக்குப் போட்டவர் நம்மைப் போன்ற ஒரு தமிழ்ப் பெண், பாலர் பள்ளி ஆசிரியை. அந்த வழக்குக்கு வருவதற்கு முன்னால், நமக்கெல்லாம் பழக்கமான ஒரு நீதிமன்றத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கோயில் வாசலில் ஒரு நீதிமன்றம்

1877இல் கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதற்குப் பின் பேராக் முழுவதும் பால்மரக் காடாக மாறியது. அந்தக் காட்டுக்கு உழைக்க வந்தவர்கள் நம் முன்னோர்கள். தோட்டத்தில் துரை இருந்தார், கிராணி இருந்தார், கங்காணி இருந்தார். நீதிமன்றம் மட்டும் பட்டணத்தில் இருந்தது. அங்கே பேசிய மொழியும் நம் மொழி அல்ல. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போனால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே புருஷன் பெண்டாட்டி சண்டை, கள்ளுக்கடைத் தகராறு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடியது, கடன் கொடுக்கல் வாங்கல் எல்லாம் மாரியம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்தாகவே தீர்ந்தன.

அந்தப் பஞ்சாயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். செலவு கிடையாது. பேசுகிறவர்களும் கேட்கிறவர்களும் ஒரே லயத்தில் குடியிருப்பவர்கள். யார் பொய் சொல்கிறார், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். எத்தனையோ குடும்பங்களை அது பிரியாமல் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் அந்தப் பஞ்சாயத்தில் பாய் போட்டு உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் யார்? ஆண்கள். அடி வாங்கிய பெண் ஓரமாக நிற்பாள். "பொறுத்துப் போம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தீர்ப்புப் பிடிக்காவிட்டால் மேல்முறையீடு கிடையாது. எதிர்த்துப் பேசினால் கோயில் வரியை வாங்க மாட்டார்கள், நல்லது கெட்டதுக்கு யாரும் வர மாட்டார்கள்.

இந்தப் பஞ்சாயத்து எதனால் செல்லுபடியானது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு தரப்பும் அதே கோயிலைக் கும்பிட்டார்கள். இரண்டு தரப்பும் அந்தப் பெரியவர்களை ஏற்றுக்கொண்டார்கள். பக்கத்துக் கம்பத்தில் இருக்கும் ஒருவரை, எங்கள் மாரியம்மன் கோயில் பஞ்சாயத்துக்கு நீ கட்டுப்பட வேண்டும் என்று சொல்ல முடியுமா? முடியாது. தனியார் மன்றமானாலும் சமய மன்றமானாலும் அதன் பலம் அதை ஏற்றுக்கொண்டவர்களிடம் இருந்து வருகிறது. ஏற்றுக்கொள்ளாதவரின் வீட்டுக்குள் அது நுழைய முடியாது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப் போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

1982 மார்ச் 1

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழும்பின. நம் மக்கள் புந்தோங், செம்மோர், சுங்கை சிப்புட், பத்து காஜா என்று குடிபெயர்ந்தார்கள். பஞ்சாயத்தின் பிடி தளர்ந்தது. சட்டத்தின் பிடி இறுகியது.

1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அன்று முதல் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமானது. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, சட்டம் சொல்லும் முறைப்படி திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற நிலை வந்தது.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு இருக்கிறது. மணவிலக்குக் கேட்டு நீதிமன்றம் போவதற்கு முன், பொதுவாக ஒரு சமரசக் குழுவிடம் போக வேண்டும் என்கிறது அதன் 106ஆவது பிரிவு. இருவரும் மனமொத்துப் பிரிவது போன்ற சில நிலைகளுக்கு விலக்கு உண்டு. அந்தச் சமரசக் குழுவை ஒரு சமயத்தாரோ, ஒரு சமூகத்தாரோ, ஒரு சங்கமோகூட அமைக்கலாம். பார்த்தீர்களா? நம் கோயில் பஞ்சாயத்தைச் சட்டம் துரத்திவிடவில்லை. அதற்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறது. குழு இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசலாம், புத்தி சொல்லலாம், சேர்த்து வைக்க முயலலாம். ஆறு மாதத்துக்குள் முடியவில்லை என்றால் முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மணவிலக்குத் தரும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே.

சமயமும் சமூகமும் பேசட்டும், கடைசி வார்த்தை மட்டும் எல்லாருக்கும் பொதுவான நீதிமன்றத்தில் இருக்கட்டும் என்பது இந்த ஏற்பாட்டின் கருத்து. இது இந்த நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இரண்டு நீதிமன்றங்கள், ஒரு கோடு

ஷரியா நீதிமன்றம் தனியார் மன்றம் அல்ல. மாநிலச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட அரசாங்க நீதிமன்றம். கோயில் பஞ்சாயத்தோடு அதை ஒப்பிடுவது பொருந்தாது. முஸ்லிம்களின் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை போன்றவற்றை அது விசாரிக்கிறது. இஸ்லாத்தைத் தழுவியிருப்பவர்கள் மீது மட்டுமே அதற்கு அதிகாரம் உண்டு என்று கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணை தெளிவாகச் சொல்கிறது.

முன்பெல்லாம் ஷரியா நீதிமன்றம் தீர்த்து வைத்த குடும்ப விவகாரத்தை சிவில் நீதிமன்றம் மாற்றித் தீர்ப்பளித்த சம்பவங்கள் நடந்தன. முஸ்லிம் சமூகத்துக்கு அது மனக்குறையாக இருந்தது. அந்த மனக்குறையில் நியாயம் உண்டு. அதைத் தீர்ப்பதற்காக 1988இல் அரசியலமைப்பில் 121 (1ஏ) என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயத்தில் உயர்நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது அதன் பொருள்.

இரண்டு வீட்டுக்கு நடுவே வேலி போட்டாயிற்று. கணவன் மனைவி இருவரும் முஸ்லிம் என்றால் அந்தப் பக்கம். இருவரும் முஸ்லிம் அல்லாதவர் என்றால் இந்தப் பக்கம். இதில் குழப்பம் இல்லை. ஆனால் ஒரே குடும்பத்தில் ஒருவர் அந்தப் பக்கமும் மற்றவர் இந்தப் பக்கமும் நின்றால்? வேலி வீட்டுக்கு நடுவில் ஓடினால்?

2005 டிசம்பரில் அந்தக் கேள்வி நாட்டையே உலுக்கியது. எவரெஸ்ட் மலையேறும் குழுவில் இடம்பெற்ற இராணுவ வீரர் மூர்த்தி காலமானார். அவர் இஸ்லாத்தைத் தழுவியிருந்தார் என்று சமய இலாகா சொன்னது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை, கடைசி வரை அவர் இந்துவாகவே வாழ்ந்தார் என்று மனைவி சொன்னார். ஷரியா நீதிமன்றத்தில் அவர் முஸ்லிம் என்று முடிவானது. முஸ்லிம் அல்லாத மனைவி அங்கே போய் வாதாட முடியாது. அவர் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். ஷரியா நீதிமன்றம் முடிவு செய்த விஷயத்தில் தலையிட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று உயர்நீதிமன்றம் டிசம்பர் 28ஆம் தேதி சொல்லிவிட்டது. கணவரின் உடல் முஸ்லிம் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது.

ஒரு வாசல் அவருக்குத் திறக்காது. இன்னொரு வாசல் திறந்தது, ஆனால் இங்கே வேலை இல்லை என்று திருப்பி அனுப்பியது. தீர்ப்பு சரியா தவறா என்பதை விடுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு முடிவு சொல்ல ஒரு நீதிமன்றமும் இல்லாமல் போனதே, அதுதான் கொடுமை.

ஈப்போவில் ஒரு தாய்

இப்போது நம் ஊர் வழக்குக்கு வருகிறேன். இந்திரா காந்தியும் அவர் கணவரும் 1993இல் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்தவர்கள். மூன்று பிள்ளைகள். 2009 மார்ச் மாதம் கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். அது அவருடைய உரிமை. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதமே மூன்று பிள்ளைகளும் இஸ்லாத்துக்கு மாற்றப்பட்டதாகச் சான்றிதழ்கள் வாங்கப்பட்டன. மூத்த இரு பிள்ளைகள் பள்ளிக்கூட வயதில் தாயோடு இருந்தார்கள். கடைசிப் பெண் குழந்தைக்கு 11 மாதம். அந்தக் கைக்குழந்தையைத் தகப்பன் தூக்கிச் சென்றுவிட்டார். பிள்ளைகள் யாரும் சமய இலாகாவுக்கு நேரில் போகவில்லை. கலிமா சொல்லவில்லை. தாய்க்கு ஒரு வார்த்தை தெரியாது.

2009இல் ஈப்போ ஷரியா உயர்நீதிமன்றம் மூன்று பிள்ளைகளின் பராமரிப்பு உரிமையையும் தகப்பனுக்குக் கொடுத்தது. தாய் அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டவர் அல்ல. 2010 மார்ச் 11ஆம் தேதி ஈப்போ சிவில் உயர்நீதிமன்றம் அதே மூன்று பிள்ளைகளின் பராமரிப்பு உரிமையைத் தாய்க்குக் கொடுத்தது. ஒரே ஊர், ஒரே பிள்ளைகள், இரண்டு தீர்ப்பு.

2013 ஜூலை 25ஆம் தேதி ஈப்போ உயர்நீதிமன்ற நீதிபதி லீ சுவீ செங் அந்த மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தார். நிம்மதி நீடிக்கவில்லை. 2015 டிசம்பர் 30ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. மதமாற்றம் செல்லுமா செல்லாதா என்பதை ஷரியா நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்றார்கள் இரு நீதிபதிகள். மூன்றாமவரான ஹமிட் சுல்தான் அபு பக்கர் அதை ஏற்கவில்லை. அவரும் முஸ்லிம்தான் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

ஐந்து நீதிபதிகள் சொன்னது

2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸைனுன் அலி. ஒரு முஸ்லிம் பெண்மணி. அந்தத் தீர்ப்பில் மூன்று விஷயங்களைச் சாதாரண மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, சான்றிதழ் கொடுப்பது ஓர் அரசாங்க அதிகாரியின் வேலை. அதிகாரி சட்டப்படி நடந்தாரா என்று பார்ப்பது சமய விவகாரம் அல்ல. அது சிவில் நீதிமன்றத்தின் கடமை. 121 (1ஏ) பிரிவு அந்த அதிகாரத்தைப் பறித்துவிடவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் வரம்பு மீறினார்களா என்று கேட்கும் உரிமை நீதிமன்றத்தின் உயிர்நாடி, அதை யாருக்கும் கைமாற்றிக் கொடுக்க முடியாது என்றார்கள்.

இரண்டாவது, பேராக் மாநிலத்தின் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதம் மாறுகிறவர் கலிமா சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகள் சொல்லவில்லை. அப்படியானால் மாநிலச் சட்டத்தின்படியே அந்தச் சான்றிதழ் செல்லாது. இதைச் சொல்ல எந்தச் சமயத்தையும் குறை கூற வேண்டிய அவசியமில்லை. அந்தச் சமயத்துக்காக எழுதப்பட்ட சட்டத்தைப் படித்தாலே போதும்.

மூன்றாவது, 18 வயதுக்கு உட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ காப்பாளரோ முடிவு செய்வார்கள் என்கிறது அரசியலமைப்பின் 12 (4) பிரிவு. ஆங்கில வாசகத்தில் அந்தச் சொல் ஒருமையில் இருக்கிறது. அதனால் அப்பா அல்லது அம்மா, யாராவது ஒருவர் போதும் என்று அதுவரை வாதிட்டு வந்தார்கள். 2007இல் வேறொரு வழக்கில் கூட்டரசு நீதிமன்றமே அப்படித்தான் சொல்லியிருந்தது. ஒருமையில் எழுதினாலும் பன்மையையும் குறிக்கும் என்று அரசியலமைப்பே விதி வகுத்திருக்கிறது, தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளைகள் மீது சம உரிமை உண்டு, ஆகவே இருவரும் உயிரோடு இருந்தால் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று 2018இல் முடிவானது.

இந்தத் தீர்ப்பை ஒரு சமயம் ஜெயித்தது, இன்னொரு சமயம் தோற்றது என்று யாரும் பேச வேண்டாம். அது நேர்மையும் அல்ல. நாளைக்கு ஒரு முஸ்லிம் தாய்க்குத் தெரியாமல் யாராவது அவர் பிள்ளைக்கு ஒரு தாளில் முத்திரை குத்தினால், அந்தத் தாயைக் காப்பாற்றப் போவதும் இதே நியாயம்தான்.

தாளில் இருக்கும் தீர்ப்பு

இனி சொல்லப் போவதுதான் இந்தப் பேச்சில் எனக்கு மிகவும் கனமான பகுதி.

சிவில் நீதிமன்றம் பராமரிப்பு உரிமையைத் தாய்க்குக் கொடுத்தது 2010இல். பிள்ளையை ஒப்படைக்காத தகப்பன் நீதிமன்றத்தை அவமதித்தார் என்று சொல்லி 2014இல் கைதாணை பிறப்பித்தது ஈப்போ உயர்நீதிமன்றம். அப்போதைய தேசியப் போலீஸ் படைத் தலைவர், இரண்டு நீதிமன்றம் இரண்டு விதமாகச் சொல்லும்போது நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம் என்று கை விரித்தார். பிள்ளைகளைக் காப்பகத்தில் வைக்கலாம் என்றும் ஒரு யோசனை சொன்னார். போலீஸ் செயல்பட வேண்டும் என்று உத்தரவு கேட்டு அந்தத் தாய் மறுபடியும் வழக்குப் போட்டார். உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார், மேல்முறையீட்டில் தோற்றார். 2016 ஏப்ரல் 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம், கைதாணையைப் போலீஸ் நிறைவேற்றியே ஆக வேண்டும் என்றது.

போலீஸ் கடமை தவறியது என்று சொல்லி 10 கோடி ரிங்கிட் இழப்பீடு கேட்டு 2020இல் இன்னொரு வழக்கு. 2024 ஜூன் 28ஆம் தேதி கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2018 தீர்ப்பு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போதும் அந்தப் பிள்ளை தாயிடம் வந்து சேரவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் குழந்தை பிறந்தது 2008இல். 2026இல் அவளுக்கு 18 வயது. அந்த வயதைத் தாண்டிய ஒருவரின் சமயத்தைப் பற்றி அரசியலமைப்பு பெற்றோரைக் கேட்பதில்லை. ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து அந்தத் தாய்க்கு ஓர் உரிமை உண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு காலக்கெடு இருந்தது. அந்தக் கெடு தேடுதலிலேயே கரைந்து போனது.

எது பெரியது, சிவில் நீதிமன்றமா ஷரியா நீதிமன்றமா என்று மேடைக்கு மேடை விவாதிக்கிறோம். ஆனால் நிறைவேற்றுகிறவர் இரண்டு தாளையும் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டால் இரண்டு நீதிமன்றமும் சிறியதாகிவிடுகின்றன. ஜீவனாம்சம் கட்டாத முன்னாள் கணவனைத் தேடி அலையும் ஒரு முஸ்லிம் சகோதரியும் இதே வேதனையைத்தான் சொல்வார். உங்கள் கையில் ஷரியா நீதிமன்றத் தாள், எங்கள் கையில் சிவில் நீதிமன்றத் தாள். இரண்டும் தாளாகவே இருந்தால் என்ன பயன்?

மற்ற நாடுகளில் எப்படி?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. பக்கத்தில் சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றம் உண்டு. ஆனால் 1999இல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, பிள்ளைப் பராமரிப்பு, சொத்துப் பிரிவினை போன்ற விஷயங்களை ஷரியா நீதிமன்றத்தின் அனுமதியோடு, அல்லது இரு தரப்பும் சம்மதித்தால், சிவில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். வேலி இருக்கிறது, வேலியில் ஒரு கதவும் இருக்கிறது.

இந்தியாவில் 2014இல் உச்சநீதிமன்றம், சமய அறிஞர்கள் தரும் ஃபத்வா ஒரு கருத்து மட்டுமே, அதற்குச் சட்ட பலம் கிடையாது, கேட்காத ஒருவர் மீது அதைத் திணிக்கக் கூடாது என்று சொன்னது. 2016 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், வழிபாட்டு இடங்களில் நீதிமன்றம் போல யாரும் அமர்ந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று உத்தரவிட்டது. எந்த மதத்து வழிபாட்டு இடமானாலும் இதே விதி. தமிழ்நாட்டில் கட்டப்பஞ்சாயத்து என்றாலே கெட்ட வார்த்தை ஆனதற்குக் காரணம் தெரியும் அல்லவா? ஏற்றுக்கொள்ளாதவரையும் இழுத்துவந்து உட்கார வைத்ததுதான் காரணம்.

நாடு வேறு, சமயம் வேறு. ஆனாலும் நான் முதலில் சொன்ன அதே விஷயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சமய மன்றம் தன் பிள்ளைகளுக்கு வழி சொல்லட்டும். அந்த மன்றத்துக்குள் நுழையவும் பேசவும் முடியாத ஒருவரின் உரிமையை அது முடிவு செய்யக் கூடாது.

பாக்கியிருக்கும் வேலை

2009 ஏப்ரலில், ஈப்போ வழக்கு பரபரப்பாக இருந்த நேரத்தில், பெற்றோர் திருமணம் செய்தபோது எந்தச் சமயத்தில் இருந்தார்களோ அதே சமயத்தில்தான் பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்று அமைச்சரவை முடிவு செய்ததாக அறிவித்தார்கள். அதைச் சட்டமாக்க 88ஏ என்ற பிரிவு 2016இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2017 ஆகஸ்டில் சட்டத் திருத்தம் நிறைவேறியபோது அந்தப் பிரிவு மட்டும் காணாமல் போயிருந்தது.

திருத்தத்தில் நல்லதும் இருக்கிறது. 2018 டிசம்பர் முதல், மதம் மாறியவரும் மாறாதவரும் யார் வேண்டுமானாலும் சிவில் நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்கலாம். முன்பு மாறாதவர் மட்டுமே கேட்க முடியும். அதேபோல் மதம் மாறியவர், பழைய திருமணம் முறிவதற்கு முன்பே இறந்துவிட்டால், அவர் சொத்தில் மனைவி மக்கள் தங்கள் பங்கைக் கேட்டுச் சிவில் நீதிமன்றத்துக்குப் போக வழி பிறந்திருக்கிறது.

பிள்ளைகள் விஷயம் மட்டும் நீதிமன்றத் தீர்ப்பை நம்பியே நிற்கிறது. 2024 ஜனவரியில், மூன்று பிள்ளைகளின் ஒருதலைப்பட்ச மதமாற்றம் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பெர்லிஸ் வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதம், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் கூட்டரசு நீதிமன்றம் அனுமதி தரவில்லை. ஈப்போ தாயின் வழக்கு, முன்பின் தெரியாத இன்னொரு தாய்க்குக் கை கொடுத்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு முறையும் வழக்குப் போட்டுத்தான் இதை வாங்க வேண்டுமா? ஐந்து நீதிபதிகள் சொன்னதை நாடாளுமன்றமும் மாநில சட்டமன்றங்களும் சட்டமாக எழுதி வைக்கக் கூடாதா? ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள்.

திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். கோயிலில் தாலி கட்டினோம், ஊரே பார்த்தது என்று இருந்துவிடாதீர்கள். வாசலைத் தட்டும்போது கையில் இருக்க வேண்டிய முதல் தாள் அதுதான். தோட்டத்தில் பிறந்து, பதிவுப் பத்திரம் சரியில்லாமல் காலம் முழுவதும் அலைகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தை அசலோடு ஒரு நகலும் வேறு இடத்தில் வையுங்கள்.

வீட்டில் ஒருவர் மதம் மாற விரும்பினால் அது அவர் உரிமை. மறைக்க வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். ஆனால் பதிவுத் திருமணம் ஒருவர் மதம் மாறியதால் மட்டும் தானாக முறிந்துவிடாது. அதை முறிக்கும் அதிகாரம் சிவில் நீதிமன்றத்துக்கு உண்டு. மதம் மாறுகிறவர் அதைக் குடும்பத்தாரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், அவர் காலமான பிறகு உடலை வைத்துக்கொண்டு வழக்காடும் அவலம் யாருக்கும் நேராது.

பிள்ளையை ஒருவர் தூக்கிச் சென்றுவிட்டால் பஞ்சாயத்துப் பேசி நாள்களைக் கடத்த வேண்டாம். பேசட்டும், பெரியவர்கள் பேசட்டும். அதே நாளில் போலீஸ் புகாரும் பதிவாகட்டும், வழக்கறிஞரையும் பாருங்கள். பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி அலுவலகத்தை நாடலாம். 11 மாதக் குழந்தைக்கு ஒரு மாதம் என்பது சாதாரணக் காலம் அல்ல. தாயின் முகம் மறந்து போகும்.

கோயில் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் குடும்பச் சண்டை வரும்போது அந்தப் பெண்ணையும் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அவள் பேசி முடிக்கும் வரை கேளுங்கள். "எங்கள் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் நீதிமன்றம் போகலாம் அம்மா" என்று நீங்களே வழி காட்டுங்கள். நமக்குக் கதவு திறக்க வேண்டும் என்று மற்றவர்களிடம் கேட்கும் நாம், நம் கதவையும் கொஞ்சம் திறந்து வைப்போம்.

ஈப்போ ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில் போகிறவர்களும் வருகிறவர்களும் எல்லா இனத்தாரும்தான். நம் பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள், ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். வேலி வீட்டுக்கு நடுவில் ஓடும் குடும்பங்கள் இனியும் வரும். அவர்களில் யார் எந்த வாசலைத் தட்டினாலும், உள்ளே வாருங்கள், சொல்லுங்கள், கேட்கிறோம் என்று ஒரு குரல் வர வேண்டும். அந்தக் குரல் சொன்னதை நிறைவேற்றிக் கொடுக்க ஒரு கையும் வர வேண்டும்.